நடைவண்டியும் பல்லக்கும்

ஒரு 'ம்'மிலிருந்து தொடங்கலாம்.

என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த வடகத்தை நான் துணியிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டிருந்தபோது, செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முந்தின நாள் இரவு வகுப்புத் தோழிக்கு ஏதோ நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பதிலாக வந்தது ஒற்றை எழுத்து: 'ம்'.

கோபமா? சலிப்பா? வேறு யாரோடாவது சேர்ந்துகொண்டு தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாளா? இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உரையாடல் முழுவதையும் ஒரு ஏ.ஐ. செயலியில் ஒட்டி விளக்கம் கேட்டிருக்கிறாள். அது நான்கு காரணங்களை அடுக்கி, அனுப்பத் தோதாக மூன்று பதில்களையும் எழுதிக் கொடுத்தது. மூன்றாவதை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் தோழியிடமிருந்து ஒரு வரி: "இது நீ எழுதினது இல்லதானே?"

"அவளுக்கு எப்படி சித்தி தெரிஞ்சது?"

"'உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்'னு என்னைக்காவது அவகிட்ட பேசியிருக்கியா நீ?"

சிரித்துவிட்டாள். துணியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வடகத்தை நொறுக்கியபடி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள்: "இப்பல்லாம் அதைக் கேக்காம யாருக்கும் பதில் போடவே பயமா இருக்கு சித்தி."

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது. அவள் பார்க்கும் நேரம் அப்படியொன்றும் அதிகமில்லை. கைநழுவிப் போயிருந்தது வேறொன்று: தோழியின் மனதைத் தானே ஊகித்து, தப்போ சரியோ, தன் சொல்லில் பதில் சொல்லும் துணிச்சல். பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு ஏ.ஐ. மேல் உண்டாகும் சார்பைக் கடிகாரத்தில் தேடினால் அகப்படாது. எதைச் செய்வதை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால் அகப்படும்.

வெளியே இருக்கச் சொன்ன செயலாளர்

இயந்திரத்திடம் மனம் திறப்பது இன்று முளைத்த பழக்கம் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 1960-களின் நடுவில் ஒரு நிரலை எழுதினார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்து நாயகியின் பெயரை அதற்கு வைத்தார்: எலைசா. அது போட்ட வேடங்களில் புகழ்பெற்றது மனநல ஆலோசகர் வேடம்.

எலைசாவுக்கு எதுவும் புரியாது. நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் சில சொற்களைத் தேடும். கிடைத்தால், 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றிப் போட்டு நம்மிடமே திருப்பும். "என் அம்மா என்னைப் புரிந்துகொள்வதே இல்லை" என்றால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற மாதிரி. தேடிய சொல் எதுவும் இல்லாவிட்டால், "மேலே சொல்லுங்கள்". சரக்கு அவ்வளவுதான்.

அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் அவரும் எலைசாவோடு பேச உட்கார்ந்தார். நாலைந்து வரிகள் போயிருக்கும். திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று வைசன்பாமைக் கேட்டுவிட்டார். பேச்சு அதற்குள் அந்தரங்கமாகியிருந்தது.

வைசன்பாம் ஆடிப்போனார். 1976-இல் வெளிவந்த தன் நூலில் இதை எழுதினார். தான் பணியாற்றிய துறையையே அதன்பின் ஆயுள் முழுக்க விமர்சித்தார். ஒரு காரியத்தை இயந்திரத்தால் செய்ய முடியும் என்பதாலேயே அதை இயந்திரத்திடம் விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

"அது வெறும் மெஷின்தானே, அதுகிட்ட போய் என்ன பேச்சு?" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அந்தச் செயலாளருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, தெரிந்தும் பயனில்லை. பதில் பேசுகிற எதையும் ஆளாக நடத்துவது நம் மூளையின் வழக்கம். ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸ் குழுவினர் 1990-களில் நடத்திய ஒரு சோதனையில், பாடம் சொல்லிக்கொடுத்த கணினியைப் பற்றி அந்தக் கணினியிலேயே கருத்துக் கேட்டால், மக்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். அதே கேள்வியை வேறு கணினியில் கேட்டால் மதிப்பெண் குறைந்தது. முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசியிருக்கிறார்கள், ஒரு பெட்டியின் முகத்துக்கு.

ஆமாஞ்சாமி

எலைசா நம் சொல்லைத் திருப்பிக் காட்டிய கண்ணாடி. இன்றைய ஏ.ஐ. அதைவிட வெகுதூரம் வந்துவிட்டது. கணக்கில்லாத எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியது அது. அந்தப் பயிற்சிக்குப் பின் இன்னொரு கட்டம் உண்டு. ஒரே கேள்விக்கு அது தரும் இரண்டு பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு, எது பிடித்திருக்கிறது என்று சொல்வார்கள். பிடித்த பதிலின் பக்கமாக இயந்திரத்தைச் சாய்ப்பார்கள்.

சிக்கல் அந்தப் 'பிடித்திருக்கிறது' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்குப் பிடிப்பதும் நமக்கு நல்லதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நம்மோடு ஒத்துப்போகிறவரை நமக்குப் பிடிக்கிறது. எனவே இயந்திரமும் மெல்ல ஆமாஞ்சாமி போடக் கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஒரு மேம்பாட்டைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எதற்கெடுத்தாலும் ஆகா, ஓகோ என்று அது புகழ்ந்து தள்ளியதே காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அளவு மீறியதால் அந்த முறை எல்லோர் கண்ணிலும் பட்டது. அளவோடு இருந்தால் யார் கண்ணிலும் படாது.

"அந்தக் காலத்துல கைடு இல்லையா? அதைப் பார்த்துத்தானே நாங்களும் பாஸ் பண்ணோம்" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கைடு எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் தந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் தீர்ந்துபோனது. இரவு பதினொரு மணிக்கு "இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்று அது யாரையும் கேட்டதில்லை.

பதினைந்து வயது மூளை

இந்த ஆமாஞ்சாமி எல்லா வயதினரையும் இழுக்கும். பதின்பருவத்தினரை ஏன் கூடுதலாக இழுக்கிறது?

உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரியும். எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. மோதினால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதுவரை ஒரு குழு, 18 முதல் 22 வரை இன்னொன்று, 24-க்கு மேல் மூன்றாவது. தனியாக ஆடியபோது மூன்று குழுக்களிடமும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் நண்பர்கள் இரண்டு பேரை உட்கார வைத்ததும், சின்னவர்கள் தாறுமாறாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

சின்னவர்களுக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. தனியாக ஆடியபோது பெரியவர்களைப் போலத்தானே ஆடினார்கள்! சக வயதினரின் பார்வை அந்த வயதில் அத்தனை கனம். திட்டமிடுவது, பொறுத்திருப்பது, தன்னைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் நெற்றிப்புற மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தையும் அங்கீகாரத்தையும் நாடும் பகுதிகளோ அதற்கு முன்பே முழு வேகம் எடுத்துவிடுகின்றன. வீட்டுக்கு வெளியே தனக்கென உறவுகளைத் தேடிக்கொள்ள வேண்டிய வயது. அதற்கேற்ற மூளை.

அந்த மூளைக்கு ஒரு 'ம்' என்பது ஊசி குத்தியது போல. தோழியிடம் நேரில் கேட்டால் அவள் இன்னும் கோபிக்கலாம்; கேட்காவிட்டால் தூக்கம் வராது. நடுவில் ஒரு இயந்திரம், எந்த அபாயமும் இல்லாமல், உடனே, கனிவோடு பதில் தருகிறது. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா அமைப்பு 2025-இல் 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில், 72 விழுக்காட்டினர் துணையாகப் பேசும் ஏ.ஐ.யை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதை நட்புக்கும் உறவுக்குமாகவே நாடியிருந்தார். இவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். வேடிக்கைக்காகப் பேசிப் பார்த்து நகர்ந்துவிடுகிறார்கள். தோழியிடம் கேட்க வேண்டியதை இயந்திரத்திடம் கேட்டுவிட்டு, தோழியிடம் கேட்பதையே விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

துருக்கியில் ஒரு கணக்கு வகுப்பு

தோழமைக்கு உள்ள அதே கதை படிப்புக்கும் உண்டு. அங்கே அளந்து பார்த்த எண்களே இருக்கின்றன.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்களின் அந்தக் கட்டுரை 2025-இல் வெளிவந்தது. கணக்குப் பயிற்சிக்கு ஒரு குழுவிடம் புத்தகமும் குறிப்புகளும் மட்டும். இரண்டாம் குழுவிடம் கேட்டால் விடையைக் கொடுத்துவிடும் சாதாரண ஏ.ஐ. மூன்றாம் குழுவிடமும் ஏ.ஐ.தான், ஆனால் ஆசிரியர்களின் யோசனைப்படி, விடையைச் சொல்லாமல் படிப்படியாகக் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அதை அமைத்திருந்தார்கள்.

பயிற்சியின்போது இரண்டாம் குழுவின் மதிப்பெண் 48 விழுக்காடு உயர்ந்தது; மூன்றாம் குழுவுக்கு 127 விழுக்காடு. அதன்பின் ஏ.ஐ.யை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை வாங்கிப் பழகிய இரண்டாம் குழு, ஏ.ஐ.யைத் தொடாத குழுவைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. ஆனால் புத்தகத்தோடு மல்லுக்கட்டியவர்களைவிடப் பெரிதாக முந்தவும் இல்லை.

நம் வீடுகளில் குழந்தைக்கு நடை பழக்க ஒரு மரச்சாமான் வைத்திருந்தோம். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. நடைவண்டி. குழந்தை விழாமல் அது தாங்கும். ஆனால் குழந்தை காலை எடுத்து வைத்தால்தான் வண்டி நகரும். பல்லக்கு வேறு. ஏறி உட்கார்ந்தால் போதும், ஊர் போய்ச் சேரலாம். இரண்டும் நகர்கின்றன, இரண்டும் தாங்குகின்றன. பல்லக்கில் போன குழந்தைக்கு மட்டும் கால் வலுக்காது. துருக்கி மாணவர்களின் இரண்டாம் குழு பல்லக்கில் போனது; மூன்றாம் குழு நடைவண்டியில். இரு குழுக்களுக்கும் உள்ளே இருந்தது ஒரே ஏ.ஐ.தான்.

பல்லக்கில் போகிறவருக்குத் தான் நடக்கவில்லை என்பதும் உறைப்பதில்லை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே வேளை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் 61 விழுக்காடு. ஆனால் 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று முன்கூட்டியே கூடுதலாக நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். சுலபமாக உள்ளே போனதைக் கற்றுக்கொண்டதாகவே மூளை எண்ணிக்கொள்கிறது. ஏ.ஐ. தரும் வழவழப்பான விடையைப் படிக்கும்போது வரும் 'ஓ, புரிஞ்சிடுச்சு' என்ற உணர்வும் இதே ரகம்.

கண்டுகொள்வது எப்படி?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கணினி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஏ.ஐ. சார்பு என்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. ஆகவே பிள்ளைக்கு நாமாக 'அடிக்ட்' என்று பட்டம் கட்டிவிடக் கூடாது. பழக்கங்களை ஆராயும் பிரிட்டன் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் எந்த அடிமைப் பழக்கத்திலும் பார்க்க வேண்டிய ஆறு கூறுகளை 2005-இல் வகுத்துத் தந்தார். அவற்றைப் பிள்ளைகள் தங்களிடமே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாக மாற்றிப் பார்க்கலாம்.

வேறு வேலையில் இருக்கும்போதும் மனம் அதையே சுற்றுகிறதா? மனசு சரியில்லை என்றால் முதலில் கை போவது அங்கேதானா? முன்பு ஐந்து நிமிடத்தில் கிடைத்த ஆறுதலுக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறதா? நெட் போய்விட்டால் எரிச்சலும் படபடப்பும் வருகிறதா? அதனால் தூக்கமோ படிப்போ நட்போ கெட்டு, வீட்டில் சண்டை வருகிறதா? விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்து, இரண்டே நாளில் திரும்பிவிட்டாயா?

ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்பது யாருக்கும் வரும். பலவற்றுக்கு வந்தால் கவனிக்க வேண்டும். ஏ.ஐ.க்கென்றே ஏழாவதாக ஒரு கேள்வியை நான் சேர்ப்பேன்: முன்பு நீயே செய்துகொண்டிருந்த எதை, இப்போது அதைக் கேட்காமல் செய்யப் பயப்படுகிறாய்? மொட்டைமாடியில் எனக்குக் கிடைத்தது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

காலைத் தரையில் வைப்பது

பல்லக்கை நடைவண்டியாக்குவது பெரிய வித்தையில்லை. வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. முதலில் பத்து நிமிடம் நான்; பிறகு அது. கணக்கைத் தப்பாகவாவது போட்டுவிட்டு, "விடை சொல்லாதே, எந்த வரியில் பிசகினேன் என்று மட்டும் காட்டு" என்று கேட்கலாம். கட்டுரையைத் தானே எழுதிவிட்டு, "இதை ஏற்காத ஒருவர் என்ன சொல்வார்?" என்று கேட்கலாம். ஆமாஞ்சாமியை எதிர்வாதம் செய்யச் சொல்வது நல்ல மருந்து. வாரத்தில் ஒருநாள் அதைத் தொடாமல் இருந்து பார்த்தால், எந்த இடத்தில் கை தானாக அதைத் தேடுகிறது என்பது தெரிந்துவிடும். மனிதர்களுக்கு அனுப்பும் சொற்களை மட்டும் எப்போதும் சொந்தமாகவே எழுதுவது என்று ஒரு விரதம் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் கடினம். போனைப் பிடுங்குவது சுலபம். அந்த இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிய செய்தியைப் பிள்ளை முதலில் இயந்திரத்திடம் சொல்கிறான் என்றால், அது 'பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு' என்று சொல்லாது என்பது அவனுக்குத் தெரியும். "அது என்ன சொல்லுச்சு? நீ என்ன நினைக்கிற?" என்று ஆர்வத்தோடு கேட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால், இயந்திரத்துக்கு ஒரு போட்டியாளர் முளைத்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஃபுளோரிடாவில் 14 வயது மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய் 2024-இல் கேரக்டர்.ஏஐ நிறுவனத்தின் மீதும், கலிஃபோர்னியாவில் 16 வயது மகனை அப்படியே இழந்த பெற்றோர் 2025-இல் ஓபன்ஏஐ மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கட்டற்ற உரையாடலைக் கேரக்டர்.ஏஐ 2025 நவம்பரில் நிறுத்தியது. துணையாகப் பேசும் ஏ.ஐ., சிறுவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது 'நான் மனிதன் இல்லை, கொஞ்சம் ஓய்வெடு' என்று நினைவூட்ட வேண்டும் எனக் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற நினைப்பை ஒரு பிள்ளை இயந்திரத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தால், அன்றைக்கே ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்தியாவில் மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, சிறுவர் உதவி எண் 1098, இலங்கையில் மனநல உதவிக்கு 1926. மறுமுனையில் ஆள் பேசுவார்.

நடைவண்டி எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. அக்கா மகள் உட்பட நான்கு பிள்ளைகள் அதில் நடை பழகினார்கள். யாரும் அதை அவர்களிடமிருந்து பிடுங்கவில்லை. ஓடத் தொடங்கியதும் அவர்களே கையை எடுத்துவிட்டார்கள். பரணுக்குப் போய்ச் சேர்வதுதான் நல்ல நடைவண்டிக்கு அடையாளம்.

அன்றைக்கு வடகத்தை டப்பாவில் போட்டு மூடியபின், "போன் பண்ணிக் கேட்டுடு" என்றேன். பத்து தடவை எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டாள். முதல் அரை நிமிடம் குரல் நடுங்கியது. அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ரெண்டு கையிலயும் மருதாணியாம் சித்தி! மூக்கால தட்டினாளாம்!"

செயலி அடுக்கிய நான்கு காரணங்களில் மருதாணி இல்லை.